இரண்டாம் தளம், முதல் கதவு

அவளை ஷோனா என்று வைத்துக்கொள்ளுங்கள்.
உண்மைப் பெயரை வெளியே சொல்வதில்லை என்று
செப்டம்பரில் ஒரு தாளில் கையெழுத்திட்டிருக்கிறேன்.
கவிதைக்கும் அது செல்லும்.

கிளாஸ்கோவில் எங்கள் சட்ட உதவி மையம்
பல்கலைக்கழக நிலவறையில்,
நகல் எந்திரத்துக்குப் பக்கத்து அறை.
புதன் மாலை ஐந்து முதல் எட்டு.
கட்டணம் இல்லை. தேநீர் உண்டு.
பால், சில வாரங்களில்.

ஷோனா இரவுப் பேருந்து ஓட்டுகிறவள்.
சீருடையோடு வந்து உட்கார்ந்தாள்.
பைக்குள் கைவிட்டு ஒரு ஜாம் போத்தலை எடுத்து
மேசை நடுவில் வைத்தாள்.
உள்ளே கறுப்பாய், பொடிப்பொடியாய் ஏதோ.
மூடியில் எழுதியிருந்தது:
நவம்பர் பதினொன்று, மகன் அறை, ஜன்னல் பக்கம்.
"சுவரிலிருந்து சுரண்டியது.
சாட்சி கேட்பீர்களே?"

மூன்றாண்டு படித்திருந்தேன்.
நில உரிமையின் வரலாறு
அரசர் காலத்திலிருந்து தெரியும்.
பூஞ்சையை எந்தக் கோப்பில் வைப்பது என்று
தெரியவில்லை.

"தாங்கொணா ஈரம்" என்று எழுதினேன்.
மேற்பார்வை வழக்கறிஞர் மாக்கே
"தாங்கொணா"வை அடித்தார்.
"கொடிய" என்று போட்டேன். அதையும்.
கடைசியில் நின்றது இவ்வளவுதான்:
சுவரில் கை வைத்தால் கை நனைகிறது.
பையனுக்கு வயது ஆறு.
இன்ஹேலர் மாதம் இரண்டு.

இனி என் தவறு.

இந்த ஊரில் வீட்டு எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு.
2/1 என்றால் இரண்டாம் தளம், முதல் கதவு.
நான் மனுவில் 1/2 என்று எழுதியிருந்தேன்.
அது கீழ்வீடு. ஆளில்லாத வீடு.
ஆய்வுக்கு வரும் தேதியைச் சொன்ன
தீர்ப்பாயத்தின் கடிதம்
பூட்டிய கதவுக்குப் பின்னால்
பீட்சா விளம்பரங்களோடு கிடந்தது.
வந்தவர்கள் அழைப்புமணி அடித்துவிட்டுத் திரும்பினார்கள்.
மூன்று வாரம் போயிற்று.

தொலைபேசியில் சொன்னேன்.
மன்னிப்பை நேற்றிரவே எழுதி வைத்திருந்தேன்,
பாதிதான் படிக்க முடிந்தது.
அந்தப் பக்கம் ஒரு இருமல், பிறகு இன்னொன்று,
பிறகு அவள் குரல்:
"சரி, மோர்வென். மறுபடி எப்போது வருவார்கள்?"

மணிக்கணக்குப் பதிவேட்டில் பத்திகள் உண்டு.
நேர்காணல், ஆய்வு, வரைவு, பயணம்.
இருபத்தொரு இரவுக்கு எந்தப் பத்தி?
பேனாவை மூடி வைத்தேன்.

இரண்டாம் முறை வந்தார்கள்.
முந்தின நாள் வீட்டுக்காரர் வெள்ளையடித்திருந்தார்.
பால் போன்ற சுவர். பெயின்ட் வாசனை.
ஜன்னல் கம்பியில் இன்னும் ஒரு சொட்டு காயவில்லை.
"பாருங்கள், என்ன குறை?" என்றார்
கையை விரித்து.
எனக்கு வாயடைத்துப்போனது.
அளவையாளர் பதில் பேசவில்லை.
சட்டைப்பையிலிருந்து சின்ன ஈரமானியை எடுத்து
அதன் இரண்டு ஊசிகளைச் சுவரில் பதித்தார்.
கருவி கத்தியது.
ஓரடி தள்ளிப் பதித்தார், கத்தியது.
கட்டிலுக்குப் பின்னால் பதித்தபோது
நிறுத்தாமல் கத்தியது.
ஷோனாவின் பையன் மட்டும் சிரித்தான்:
"இன்னொரு தடவை!"

பழுதுபார்க்க உத்தரவு வந்தது.
பழுது பார்த்தார்களா என்று கேட்டு
நானும் இரண்டு கடிதம் போட்டாயிற்று.
போத்தலை யாரும் கேட்கவேயில்லை.
மையத்து அலமாரியில் இருக்கிறது.
புதிதாய் வந்த மாணவன் ஒருவன்
காப்பித்தூள் என்று நினைத்துத் திறக்கப்போக,
மூன்று பேர் ஒரே நேரத்தில் அலறினோம்.

போன வாரம் வேலைக்கு நேர்முகத் தேர்வு.
ஆற்றோரக் கண்ணாடிக் கட்டடம்,
எதிரே மூவர், ஒரு கூஜாத் தண்ணீர்.
"நடைமுறை அனுபவம்?"
"அறுபத்து மூன்று மணி நேரம்."
"அதில் கற்றுக்கொண்டது?"
"முகவரியை இரண்டு முறை படிக்க வேண்டும்."

தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு
மூவரும் சிரித்தார்கள்.
தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.